விபத்துத் தாள்

விழித்தான். பல் துலக்கினான். தேநீருக்கு இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். கதவைப் பூட்டினான், பூட்டை இழுத்துப் பார்த்தான், பேருந்தில் நின்றுகொண்டே போனான். மனைவி இறந்த பிறகு எல்லாக் காலையும் இப்படித்தான். உடம்பு பாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

தகடு அழுத்தும் தொழிற்சாலையில் ஷிப்ட் பட்டியல் போடுவது அவன் வேலை. மாடியில் கண்ணாடி அறை, கீழே பிரஸ்கள். சூடேறிய எண்ணெயும் அறுபட்ட இரும்பும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக ஏறி வரும். ஒவ்வொரு பிரஸ்ஸும் விழும்போது மேசை, நாற்காலி, கடைவாய்ப் பல் என்று வரிசையாக அதிர்ந்து அடங்கும். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர்தான், எக்செல்லில்கூட. அவன் மனைவி குருவி. அவளைக் கொன்றது பெரிய பிரஸ். இப்போது அதில் அவள் தங்கை நிற்கிறாள். வாலு.

குருவியின் வரிசையை எக்செல்லின் ‘ஆட்கள்’ தாளிலிருந்து எடுத்துவிடச் சொல்லியிருந்தார் மேனேஜர். நேற்று எடுத்தான். யாருக்கு எந்த பிரஸ் என்பதை அந்தத் தாளிலிருந்துதான் ‘பலகை’ என்ற தாள் எடுத்துக்கொள்ளும். பலகைதான் கீழே பெரிய திரையில் தெரியும். வரிசை போனதும் ஃபார்முலா உடைந்து, கட்டத்தில் பிழை வந்து நின்றது. அவசரமாகச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தான்.

இன்று திரையில் ஒரு சின்னத் தப்பு. ஒட்டடை என்று கூப்பிடப்படும் ஆளுக்கு நேரே பிரஸ்ஸின் பெயர் இல்லை. ‘இடது மணிக்கட்டு’ என்றிருந்தது.

கட்டத்தைத் தட்டிப் பார்த்தான். ஃபார்முலாவில் ‘ஆட்கள்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘விபத்து’ இருந்தது. யாருக்கு எங்கே அடிபட்டது என்று பாதுகாப்பு அதிகாரி குறித்துவைக்கும் தாள். இரண்டு தாளிலும் அதே ஆட்கள், அதே வரிசை. ஆனால் ஒட்டடைக்கு இதுவரை ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

தாளின் பெயரை மாற்றக் கை வைப்பதற்குள் கீழே அலறல்.

கண்ணாடிக்கு ஓடினான். ஒட்டடை முழங்காலிட்டிருந்தான். இடது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அங்கிருந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. விரல்கள் தகட்டோடு தகடாக நசுங்கி, பிரஸ்ஸின் அடி அச்சான டையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

அவனைத் தூக்கிப் போனார்கள். மேனேஜர் கத்துவது மாடிவரை கேட்டது. “துடைச்சிட்டு ஓட்டுங்கப்பா! லாரி வாசல்ல நிக்குது.”

உள்தொலைபேசி அடித்தது. வாலு. பயந்தால் அவளுக்குக் கிண்டல்தான் வரும்.

“அத்தான், எனக்குக் கழுத்து மட்டும் போட்டிருக்கீங்க. மிச்சத்த யாருக்குக் குடுத்தீங்க?”

திரையைப் பார்த்தான். வாலு. கழுத்து.

“மெஷின விட்டு வெளிய வா.”

“மேனேஜர் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறாரு. வேலை போனா எங்கம்மாவுக்கு நீங்களா சோறு போடுவீங்க?”

“போடுறேன். வா.”

“கிழிச்சீங்க. உங்களுக்கே வெந்நிதான் வைக்கத் தெரியும். மொதல்ல அத மாத்துங்க. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு.”

விரல்கள் வழுக்கின. சமன் குறி. ஆட்கள். ஆச்சரியக்குறி. கட்டத்தின் எண். தப்பு. அழித்தான். மறுபடியும். என்டர்.

திரை மாறியது. வாலு. பெரிய பிரஸ்.

கீழே அவள் தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தாள். ரிசீவரில் ஒரு வரி சொன்னாள். வைத்தாள். சிரித்தாள்.

அவனுக்கு மூச்சு வந்தது.

டையில் ஒட்டிய தகட்டை எடுக்க அவள் குனிந்தாள். பிரஸ்ஸை இறக்கும் பெடலில் அவள் கால் இல்லை. யார் காலும் இல்லை.

பிரஸ் விழுந்தது.

மேசை அதிர்ந்தது. நாற்காலி. பல்.

உடம்பு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. நின்றபடியே. கைகள் இன்னும் தகட்டைத் தேடின. ரத்தம் மேனேஜரின் முகத்தில், சுவரில், திரையில். பிரஸ் தானாக மேலேறியது. மறுபடி விழுந்தது. மறுபடி.

‘விபத்து’ தாளைத் திறந்தான். அப்போதுதான் திறந்தான். வாலுவுக்கு நேரே ‘கழுத்து’ அப்படியே இருந்தது. பலகை எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டும்தான் மாற்றியிருக்கிறான். எழுதியிருந்ததைத் தொடவே இல்லை.

அழித்தான். கட்டம் காலியானது. அவன் கை விசைப்பலகையில் இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கழுத்து. அதற்குக் கீழே அடுத்த ஆளுக்கு நேரே, கண். அதற்கும் கீழே, இரண்டு கால். கீழே எல்லா பிரஸ்ஸும் ஒன்றாக மேலேறி நின்றன.

வாலு கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் இன்றும் கேட்கிறாள். “‘அக்கா’ன்னு கூப்பிட்டா, அத்தை” என்கிறான் ஒவ்வொரு தடவையும். அவள் உண்மையில் சொன்னது வேறு.

“ஹப்பா, இப்பத்தான் அத்தான் சரியா இருக்கு.”