கிளாரினெட்காரருக்கு ஒரு திருத்தம்

"எங்க அப்பாவுக்குச் சாவு தேதி குறிச்ச மகராசன் யாரு?"

வானொலி நிலையத்தின் வாசலில் நின்று அவள் கேட்டபோது காலை ஏழு ஐம்பது. வெளியே மார்கழி போல் அடிக்கும் குளிரும், கூடவே மழையும். குடை கையில்தான் இருந்தது, விரிக்கத்தான் மறந்திருந்தாள். முடியிலிருந்து இறங்கிய மழைத்துளி ஒன்று மூக்கு நுனியில் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தரையில் விழுந்தது. கண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்... மழையில் நனைந்தும் அணையாத இரண்டு அடுப்புகள்.

உள்ளே இருந்தது நாலு பேர். மூன்று பேர் கொஞ்சமும் தயங்காமல் நாலாவது ஆளைக் கை காட்டினார்கள்.

அந்த நாலாவது ஆளுக்கு ஊரில் 'தேதி' என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கூப்பிடத்தான் ஆள் இல்லை. தினமும் காலை ஏழு பத்துக்கு, 'இன்றைய நாளில்' என்று ஐந்து நிமிஷம் வாசிப்பான். எந்தப் பாலம் திறந்தது, எந்தக் கப்பல் கிளம்பியது, எந்த வயலின்காரர் பிறந்தார், எந்தப் பாடகி மறைந்தார்... ஒன்பது வருஷமாக இதே பிழைப்பு. தெருவில் யாராவது "என்ன குளிரு!" என்றால், "நாப்பது வருஷம் முன்னாடி இதே நாள்ல இதைவிட மூணு டிகிரி கம்மி" என்பான். பெண்களிடம் பேசுவது இன்னும் மோசம். பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி மணி கேட்டாள் என்று, மணிக்கூண்டு கட்டிய வருஷத்தைச் சொன்னான். பாவம், அவள் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

இப்போது அவன் எழுந்து நின்றான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தான். துடைத்தும் பயனில்லை, அதில் அவ்வளவு கீறல்.

"என்ன... என்ன தப்பு நடந்துச்சுங்க?"

"எழுபது வருஷம் முன்னாடி இதே நாள்ல மறைந்த கிளாரினெட் கலைஞர்னு யாரைச் சொன்னீங்க?"

அவன் மேஜைக்கு ஓடினான். அவனிடம் இரண்டு வகை அட்டைகள். பிறந்த நாளுக்கு வெள்ளை, நினைவு நாளுக்கு இளமஞ்சள். இன்று விடியற்காலையில் டியூப் லைட் போய்விட, மேஜை விளக்கைப் போட்டு வேலை பார்த்திருந்தான். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எல்லா அட்டையும் மஞ்சள்தான். இப்போது ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தால்... பால் மாதிரி வெள்ளை.

"அது... பிறந்த வருஷம்."

"ஆமா. இன்னைக்கு அவருக்கு எழுபது. காலையில எழுந்து, குளிச்சு, சட்டை மாத்தி, டீயை வச்சுக்கிட்டு ரேடியோ முன்னாடி உட்கார்ந்திருந்தார். நீங்க வாழ்த்துவீங்கன்னு! பொறந்த அன்னைக்கே செத்துட்டாருன்னு சொல்றீங்க. அப்ப நான் யாரு சார்? ஆகாசத்துல இருந்து குதிச்சேனா?"

பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

'ஏதாவது ஆறுதலாச் சொல்லுடா' என்று அவன் மனசு கெஞ்சியது. வாயோ பழக்கதோஷத்தில் திறந்தது. "இன்னைக்கு ஒரு பியானோ கலைஞருக்கும் பிறந்தநாள்தாங்க..."

"அவரு இருக்காரா?"

"இல்லை. அவர் போயி நூறு வருஷமாச்சு."

"நல்லாத் தெரியுமா? எதுக்கும் வாசல்ல எட்டிப் பாருங்க. அவர் பொண்ணும் வந்து நிக்கப்போகுது."

எட்டு மணிச் செய்தியில் ஒரு வரித் திருத்தம் போனது. 'கிளாரினெட் கலைஞர் நலமுடன் இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்.' அதோடு முடிந்தது என்றுதான் தேதி நினைத்தான். அவளோ மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்து வீட்டுக்கு ஃபோன் போட்டு, ரிசீவரை அவன் காதில் வைத்தாள். கிளாரினெட்டில் பழகிய மூச்சு. ஃபோனிலும் நன்றாகவே கேட்டது.

"ஏம்ப்பா, ஐந்து நிமிஷ நிகழ்ச்சியில கொன்னே. ஒத்தை வரியில எழுப்பிடலாம்னு பாக்கறியா? பேக்கரிக்காரன் 'பேய்க்கு ஒரு பன் கட்டுடா'ங்கறான்! எனக்கு முழு ஐந்து நிமிஷம் வேணும். ஞாயித்துக்கிழமை. என் வாழ்க்கை பூரா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து எழுதிக்கோ!"

வாசல்வரை வந்து வழியனுப்பியபோதுதான், அவள் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. போகும்போது அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவன் நெஞ்சு ஒரு முறை குதித்தது.

"இந்தக் கண்ணாடி எத்தனை வருஷமாச்சு?"

"ஆறு வருஷம், நாலு மாசம், பதினோரு நாள்."

"அதானே... செத்தவன் யாரு, இருக்கறவன் யாருன்னு எப்படித் தெரியும்!"

அவன் நெஞ்சு பழையபடி உட்கார்ந்துகொண்டது.

*

புதன், வியாழன், வெள்ளி... மூன்று சாயங்காலமும் தேதி அந்த இரண்டாம் மாடி வீட்டில்தான் இருந்தான். எழுதிக்கொள்ள ஒரு சாயங்காலம் போதாதா என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் கிளாரினெட்காரர் ஒரு கச்சேரியைச் சொல்ல ஆரம்பித்தால் மேடைக்குப் போய்ச் சேரவே முக்கால் மணி நேரமாகும். வழியில் யார் செருப்பு அறுந்தது என்பதுவரை சொல்லித்தான் தீருவார். தேதிக்கும் அவசரம் இல்லை. ஹீட்டருக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்து, கடையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடிச் சட்டங்களுக்குக் குட்டித் திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பாள். ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கும். அவள் நிமிர்ந்தால் இவன் நோட்டுப் புத்தகத்தைப் பார்ப்பான். இவன் நிமிர்ந்தால் அவள் திருகாணியைத் தேடுவாள். ஒரே சாயங்காலத்தில் எத்தனை திருகாணிதான் தொலையும்?

வீட்டில் நாலாவது ஆள் அத்தை. அவள் அம்மா போனதிலிருந்து அவளை வளர்த்து ஆளாக்கியவர். கிளாரினெட்காரரின் தங்கை. வயது அறுபத்தெட்டு. அதை அவரே வலியச் சொன்னார், முதல் நாளே, டீ கொடுக்கும்போதே. "அண்ணாவுக்கு எழுபது, எனக்கு அறுபத்தெட்டு. எழுதிக்கங்க தம்பி." கேட்காமலே வயது சொல்லும் பெண்ணை தேதி அதுவரை பார்த்ததில்லை. சந்தேகப்படத் தெரியாத பிள்ளை, எழுதிக்கொண்டான்.

வியாழக்கிழமை டீ ஆறிப்போகிற அளவுக்கு அவளோடு பேச்சு வளர்ந்தது.

"உங்களுக்குத் தேதி இல்லாம ஒரு வார்த்தையாவது பேச வருமா?"

"வருமே."

"பேசுங்க பாக்கலாம்."

அவன் யோசித்தான். ஹீட்டர் ஒருமுறை சடசடத்து அடங்கியது. காது மடல் சிவந்துபோனது.

"...குளிருது."

அவள் சிரித்தாள். குலுங்கிக் குலுங்கி, கையிலிருந்த திருகாணி நிஜமாகவே தொலையும்வரை சிரித்தாள். இரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். நெற்றியும் நெற்றியும் முட்டிக்கொண்டது. "ஊஹும், கிடைக்கலை" என்று அவன் சொன்னபோது, அது அவன் உள்ளங்கையில்தான் இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அதை இறுகப் பிடித்துக்கொண்டே போனதாகக் கேள்வி.

இப்படி ஒழுங்காகப் போயிருந்தால் கதை வெள்ளிக்கிழமையே முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், கிளாரினெட்காரருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. பாண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்த முதல் நாள், பதினெட்டு வயசில், முக்காலி மேல் ஏறி நின்று எப்படி வாசித்தேன் என்று காட்டுகிறேன் பார் என்று முக்காலி மேல் ஏறினார். எழுபது வயசுக்கு முக்காலி தாங்குமா? ஒரு கால் வழுக்கியது.

"அக்கா! அக்கா, பிடி!"

"பாத்துடா தம்பி!" என்று பாய்ந்து பிடித்தார் அத்தை.

பிடித்த பிடியில் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். மழைகூடக் கொஞ்சம் நின்றுவிட்டது போலிருந்தது.

கொஞ்சம் விவரம் உள்ளவன் என்றால் அந்த நேரத்தில் "அடி பட்டுச்சா சார்?" என்று கேட்டிருப்பான். தேதியின் பென்சில் தானாக நகர்ந்தது.

"அப்படின்னா... நீங்க அக்கா. அவர் தம்பி. அப்ப பாண்டுல சேர்ந்தப்ப அவருக்குப் பதினெட்டு இருக்காதே... பிறந்த வருஷம் தப்பு! சார், உங்க அட்டையே தப்பு!"

புதையல் கண்டவன் மாதிரி அவன் முகம் மலர்ந்தது. அந்த அறையில் மலர்ந்த முகம் அது ஒன்றுதான்.

தப்பிக்க வழியில்லாமல் கிளாரினெட்காரர் விஷயத்தைக் கக்கினார். பதினெட்டு ஆகாதவரைக் குழுவில் சேர்க்க மாட்டார்கள். பதினைந்து வயசுக் கிளாரினெட்காரர் மூன்று வயதைக் கூட்டிச் சொன்னார். அவரைவிட இரண்டு வயது மூத்த அக்காவுக்கு அப்போது பதினேழு. தம்பிக்குப் பதினெட்டு என்றால் அக்காவுக்கு இருபதாகணும். இருபதாகியும் கல்யாணம் ஆகலையா என்று அடுத்த வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்த குழுத்தலைவர் கேட்பார். அதனால் அக்கா ஒரே ராத்திரியில் பதினாறு வயசுத் தங்கை ஆனார். லாபம் என்று பார்த்தால் ஒரே ஒரு வயது. அதற்காக ஐம்பத்திரண்டு வருஷமாகத் தம்பியை 'அண்ணா' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். கிளாரினெட்காரர்தான் வாசலைக் காட்டினார்.

"முதல்ல என்னைக் கொன்னே. இப்ப என் கூடப் பொறந்தவளை அழ வச்சே. கிளம்பு!"

மாடிப்படியில் அவள் பின்னாலேயே இறங்கி வந்தாள். அவன் மறந்துவிட்டு வந்த மப்ளரை நீட்டினாள். கண்ணில் அந்த அடுப்பு மறுபடி எரிந்தது. ஓரத்தில் மட்டும் ஈரம்.

"எனக்குப் பத்து வயசுலயே தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கேன்ல? ரெண்டு வருஷம் கூடினா என்ன, குறைஞ்சா என்ன? யாருக்கு நஷ்டம்?"

"தேதி தப்பாப் படிச்சா... அப்புறம் நான் எதுக்குங்க?"

"உயிரோட இருக்கறவரை எமலோகம் அனுப்பிச்ச வாய் பேசற பேச்சைப் பாரு!" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை நீங்க படிக்கறதைக் கேப்பேன். கேட்டுட்டுதான் இனிமே உங்க முகத்துல முழிக்கறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

சனிக்கிழமை முழுக்க தேதி மேஜையை விட்டு எழவில்லை. ஒரு தாளில் சரியான வருஷத்தை எழுதினான். 'இது உண்மை. ஆனா அவ?' கிழித்தான். இன்னொரு தாளில் பொய்யான வருஷத்தை எழுதினான். 'இது அவ. ஆனா நான்?' அதையும் கிழித்தான். சாயங்காலத்துக்குள் குப்பைக்கூடை வழிந்தது. நிலையத்துக் காவலாளி எட்டிப் பார்த்து, "யாருக்கு சார் லவ் லெட்டர்?" என்று கேட்டார். "எழுபது வயசுக்காரருக்கு" என்றான் தேதி. காவலாளி கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை ஏழு பத்து. கடைவீதி முழுக்க ரேடியோ திறந்திருந்தது. பேக்கரிக்காரர் ரொட்டியை அடுப்பில் மறந்தார்.

தேதியின் குரல் முதல் நாலு நிமிஷம் நன்றாகவே போனது. முதல் மேடை, அறுந்த செருப்பு, ஒரே மூச்சில் நீட்டிய அந்தப் புகழ்பெற்ற நீண்ட சுரம்... பிறகு ஒரு இருமல்.

"இவர் பிறந்தது குளிர்காலத்தில், சென்ற புதன்கிழமைக்கு நேரான தேதியில். பிறந்த வருஷத்தை நான் சொல்லப்போவதில்லை. தெரியாது என்று சொன்னால் பொய். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு அட்டையில் வருஷத்தைக் காலியாக விடுகிறேன். ஊருக்குச் சொந்தமான தேதிகள் உண்டு. இது அந்த வீட்டுக்குச் சொந்தமானது. கேட்காமல் எடுக்கப் பார்த்தேன்... அந்த வீட்டாரிடம், முக்கியமாக அந்த வீட்டை இத்தனை வருஷம் தாங்கிய அம்மாவிடம், மன்னிப்புக் கேட்கிறேன்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். நிலையத்து ஃபோன் அடித்தது. தேதி எடுத்தான்.

"நாந்தான் தம்பி, அத்தை பேசறேன்." ஒரு நீண்ட மூக்குறிஞ்சல். "பேஷாப் படிச்சீங்க. எனக்கு எத்தனைன்னு யாராவது கேட்டா?"

"மூச்சு விட மாட்டேம்மா."

"கேட்டா அறுபத்தெட்டுன்னு சொல்லிடுங்க. இருங்க, இவன்... அண்ணா பேசணுங்கறான்."

கிளாரினெட்காரர் வந்தார். "டேய், நீண்ட சுரம்னு மட்டும் சொன்னே, எவ்வளவு நேரம்னு சொல்லலையே! சரி, போகட்டும். நேரா என் பொண்ணு கடைக்குப் போய்க் கண்ணைக் காட்டு. வீட்டுக்கு வந்து போற ஆளு, என்னை மறுபடி மஞ்சள் அட்டையில போட்டுடக் கூடாது பாரு."

*

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறப்பதில்லை. அன்றைக்கு மட்டும் ஏன் திறந்திருந்தது என்று எதிர்க்கடைக்காரர்களுக்கு மண்டை காய்ந்தது.

பரிசோதனை அறையில் விளக்கை அணைத்திருந்தாள். கருவியின் தாங்கியில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, தேதி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான். கண்ணுக்கு நேரே ஒரு சின்ன வெளிச்சம். அதற்குப் பின்னால், ஒரு சாண் தூரத்தில், அவள் மூச்சு.

"அசையக் கூடாது. நேரா பாருங்க."

"ம்."

"என்ன தெரியுது?"

"வெளிச்சம். அதுக்குப் பின்னாடி நீங்க இருக்கீங்கன்னு தெரியுது. ஆனா முகம் தெரியலை."

"நல்லது."

"ஆமா. தெரிஞ்சா எனக்குப் பேச்சு வராது." தாடை தாங்கியில் இருந்ததால் வார்த்தை கொஞ்சம் நசுங்கியே வந்தது. "போன புதன்கிழமை காலையில ஏழு ஐம்பதுக்கு, நீங்க..."

"தேதி, மணி எல்லாம் வேணாம்." அவள் குரல் கிசுகிசுத்தது. "விஷயத்தைச் சொல்லுங்க."

தேதியை எடுத்துவிட்டால் அவனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று ஊரே கேலி செய்தது உண்டு. அவனுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. இருட்டில் கைவிட்டுத் துழாவுகிறவன் போலத் தேடினான்... இருந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. உங்க கோபம் பிடிச்சிருக்கு. உங்க எதிர்ல உட்கார்ந்திருந்தா நாள் என்ன, கிழமை என்னன்னு மறந்துபோகுது. எனக்கு அது மறந்ததே இல்லை."

கருவி ஒரு முறை கிரீச்சிட்டது. அவள் சீட்டில் ஒரு எண்ணை எழுதினாள், அடித்தாள், எழுதினாள், மறுபடி அடித்தாள். பிறகு விளக்கைப் போட்டாள். கன்னம் இரண்டும் சிவந்து, கண் மட்டும் சீட்டை விட்டு நிமிரவே இல்லை.

"நாளைக்கு மறுபடி வரணும். இன்னைக்கு எடுத்த அளவு தப்பு."

"என் கண்ணுல ஏதாவது...?"

"உங்க கண்ணு ஒழுங்காத்தான் இருந்துச்சு." சீட்டைக் கசக்கி மேஜைக்கு அடியில் போட்டாள். "என் கைதான் நிக்கலை. நீங்க பாட்டுக்குப் பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்குன்னு அடுக்கினா... எனக்கும் அப்படியே இருக்கும்போது, நான் எங்கேருந்து அளவு எடுக்கறது?"