விருந்தாளி போன பிறகு

எங்கள் ஊரில் யார் வீட்டுக்காவது விருந்தாளி வருகிறார் என்றால், முதலில் காலியாவது பக்கத்து வீடுதான். கம்பளம் ஒரு வீட்டிலிருந்து போகும். நாற்காலி இன்னொரு வீட்டிலிருந்து போகும். என் வீட்டுத் தேநீர்க் கோப்பைகள் ஏறாத மேசை இந்த ஊரில் கிடையாது. கொடுக்கிறவர்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நாளைக்கு நம் வீட்டுக்கும் ஆள் வருமே!

நல்ல பழக்கம்தான். ஆனால் ஓர் ஆகஸ்ட் மாதம் இதே பழக்கம் ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுக்கப் பார்த்தது.

அந்தப் பெண்ணின் பெயர் டோரினா. ஃப்ரோசினாவின் மூத்த மகள். மால்டோவாவின் தலைநகர் கிஷினாவில் கால்நடை மருத்துவம் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விடுதியில் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும். வீட்டில் வசதி இல்லை என்றால் அதற்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கும்.

வசதி இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போன குளிர்காலத்தில் டோரினாவின் அப்பா இறந்துபோனார். அவருடைய வைத்தியத்துக்காக முதலில் பசுவை விற்றார்கள். பிறகு திராட்சைத் தோட்டத்தையும் விற்றார்கள். கடைசியில் அவரும் இல்லை, பசுவும் இல்லை, தோட்டமும் இல்லை.

உதவித்தொகை கிடைக்காவிட்டால் டோரினா இத்தாலிக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே அவளுடைய சித்தி, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். டோரினாவுக்கும் ஒரு வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். மாதக் கடைசியில் இத்தாலிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன் வரும். எங்கள் தெருவிலிருந்து அந்த வேனில் ஏறிப் போனவர்கள் பலர். திரும்பி வந்து படித்தவர்கள் ஒருவரும் இல்லை.

டோரினாவின் தங்கை இலின்காவுக்குப் பத்து வயது. வேன் என்ற சொல்லைக் கேட்டாலே அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் டோரினா ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, நாளைக்குக் காலைல ஆபீஸ்லேருந்து லிதியா மேடம் வர்றாங்களாம். நம்ம வீடு எப்படி இருக்குன்னு நேர்ல பாத்துத்தான் உதவித்தொகைக்கு எழுதுவாங்களாம்."

அவ்வளவுதான். ஃப்ரோசினா கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நாளைக்கா? நம்ம வீட்டுக்கா? ஐயோ, பெரிய அறையைத் திறக்கணுமே! இலின்கா, ஓடு! அகாஃபியா அத்தைகிட்ட சிவப்புக் கம்பளத்தைக் கேளு!"

எங்கள் மால்டோவாக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பெரிய அறை உண்டு. அதில் யாரும் படுக்க மாட்டார்கள், சாப்பிட மாட்டார்கள். அது விருந்தாளிக்கு மட்டும். அந்த வீட்டில் அதைக் கடைசியாகத் திறந்தது டோரினாவின் அப்பா உடலைக் கிடத்தியபோதுதான்.

"அம்மா, அவங்க நம்ம கஷ்டத்தைப் பாக்கத்தானே வர்றாங்க?" என்று டோரினா மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்கு வர்றவங்ககிட்ட கஷ்டத்தைக் காட்டுவாங்களாடி? உங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வாசல் மிதிச்சவங்க யாரும் வெறும் வாயோட போனதில்ல. அவர் போனதும் மரியாதையும் போச்சுன்னு ஊர் சொல்லணுமா?"

அப்பாவின் பேச்சு வந்ததும் டோரினா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெரிய அறைக்குப் போனாள்.

மாலைக்குள் தெருவே திரண்டு வந்துவிட்டது. அகாஃபியா அத்தை தன் சிவப்புக் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். திமோஃபி மாமா தன் புதுத் தொலைக்காட்சியைத் தள்ளுவண்டியில் வைத்து, கல்யாணப் பெண்ணை அழைத்து வருவதுபோல் பதமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"பாத்து, பாத்து! கோடு விழுந்துச்சுன்னா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா" என்றார்.

"உங்களை விடாட்டியும் டிவிய விடுவா" என்றாள் அகாஃபியா அத்தை.

எல்லாரும் சிரித்தார்கள். இலின்கா மட்டும் சிரிக்கவில்லை. அம்மா கோழிக்கூட்டுப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டாள். அந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே கோழி. கறுப்புக் கோழி. அது இடும் முட்டைதான் இலின்காவின் காலைச் சாப்பாடு.

"அம்மா, அதை வேணாம்மா!"

"விருந்தாளிக்கு இல்லாத கோழி எதுக்குடி?" என்றாள் அம்மா. ஆனால் இலின்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பிறகு அக்காவும் தங்கையும் கிணற்றடியில் கோழிக்கு இறகு பிடுங்கினார்கள். இலின்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அக்கா, இதையெல்லாம் பாத்தா அந்த மேடம் நம்மளப் பணக்காரங்கன்னு நினைச்சிடுவாங்க. நீ போய் உண்மையைச் சொல்லிடேன்."

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது? அம்மா முகம் என்ன ஆகும்?" டோரினா இறகுகளை வாளியில் போட்டாள். "விடுடி. அம்மா தலைகுனியறதுக்குப் பதிலா நான் இத்தாலிக்கே போயிடறேன்."

இலின்காவுக்கு அக்காமீது கோபம் கோபமாக வந்தது. அம்மாமீதும் வந்தது. ஆனால் இரண்டு பேரும் பாவம் என்றும் தோன்றியது. அதனால் யாரையும் திட்ட முடியாமல் இறகைப் பிடுங்கினாள்.

மறுநாள் காலை லிதியா மேடம் வந்தார். கறுப்புப் பை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, களைத்த முகம். அன்றைக்கு மட்டும் அவர் பார்க்க வேண்டிய வீடுகள் நிறைய இருந்தன.

அம்மா அவரை நேராகப் பெரிய அறைக்கு அழைத்துப் போனாள். சுவரில் சிவப்புக் கம்பளம். மூலையில் பெரிய தொலைக்காட்சி. மேசையில் கோழி வறுவல், வெண்ணெய் மணக்கும் பிளசிந்தா ரொட்டி, சின்னத் தட்டில் செர்ரிப் பழப் பாகு. தேநீர்க் கோப்பைகள் யாருடையவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"எதுக்கும்மா இவ்வளவு? நான் வீட்டைப் பாக்கணும், அவ்வளவுதான்."

"அதெல்லாம் அப்புறம் மேடம். முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க. சாப்பிடாம எழுந்தீங்கன்னா எனக்கு மனசு ஆறாது."

லிதியா மேடமும் இந்த ஊர்ப்பக்கத்துக்காரர்தானே. மறுக்க முடியுமா? சாப்பிட்டார். கோழியை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். தொலைக்காட்சியைப் பார்த்தார். கம்பளத்தைப் பார்த்தார்.

"வீட்டை நல்லாத்தான் வச்சிருக்கீங்க. இங்கேயே ஒரு பக்கமா தூங்குவீங்களா?"

"இல்ல மேடம், பின்னாடி ஒரு அறை இருக்கு."

"அதையும் பாத்துடட்டுமா?"

"ஐயோ, அங்கெல்லாம் விருந்தாளி வரக் கூடாது! இன்னும் ரெண்டு பிளசிந்தா வைக்கிறேன்" என்று அம்மா கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

லிதியா மேடம் பேனாவை எடுத்தார். அதன் மூடியைத் திறந்து மறுபடி மூடினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. நான் பாக்கறதைத்தான் எழுத முடியும். இந்த வீட்டுக்கு உதவித்தொகை கொடுங்கன்னு எழுதினா, நாளைக்கு என்னைக் கேள்வி கேப்பாங்க. கூரையில்லாத வீட்டுப் பிள்ளைங்ககூட வரிசையில நிக்குது."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அகாஃபியா அத்தை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். திமோஃபி மாமா வாசலில் நின்றிருந்தார். அம்மா அவர்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரிங்க மேடம்" என்றாள்.

டோரினா தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

விருந்தாளியை வெளிக்கதவுவரை கொண்டுவிட வேண்டும். அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். "நான் போறேன்மா" என்று இலின்கா முந்திக்கொண்டாள்.

முற்றத்தை அவள் ஒவ்வொரு அடியாக, மெதுவாகக் கடந்தாள். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அவமானம். சொல்லாவிட்டால் அக்கா போய்விடுவாள். வெளிக்கதவு வந்துவிட்டது. லிதியா மேடம் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"மேடம், நீங்க விருந்தாளியா வந்தீங்களா, ஆபீஸ்லேருந்து வந்தீங்களா?"

"ஆபீஸ்லேருந்துதான். ஏம்மா?"

"அம்மா உங்களை விருந்தாளின்னு நினைச்சுட்டாங்க. விருந்தாளின்னா எங்கம்மா பின் அறைக்கு விடவே மாட்டாங்க. நீங்க இப்படியே வெளிய போய்ட்டு, ஆபீஸ் ஆளா மறுபடி வாங்களேன்."

லிதியா மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. "மறுபடி வந்தா மட்டும் என்ன மாறிடும்? அதே வீடு, அதே கம்பளம்."

"கம்பளம் இருக்காது. அது அகாஃபியா அத்தையோடது. டிவி திமோஃபி மாமாவோடது. உங்க மரியாதைக்காக எல்லாரும் கொடுத்தாங்க. எங்கம்மா பொய் சொல்லல மேடம். இது எங்களோடதுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல." இலின்கா கிணற்றடியில் இருந்த இறகு வாளியைக் காட்டினாள். "எங்களோடது அந்தக் கோழி மட்டுந்தான்."

லிதியா மேடத்தின் சிரிப்பு நின்றுபோனது. அவர் கை தானாக வாயைத் தொட்டது.

"இன்னும் கோழி இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல."

அவர் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து வெளியே போனார். கதவைச் சாத்தினார். இலின்கா தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

இலின்கா பாய்ந்து போய்த் திறந்தாள். அதற்குள் எங்கள் ஊர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? விருந்தாளி போனதும் அவரவர் சாமானை அவரவர் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். திமோஃபி மாமா தொலைக்காட்சியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். எதிரே லிதியா மேடம்! மாமாவுக்குப் பின்வாங்கவும் முடியவில்லை, சாமானைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

"காத்து வாங்கட்டும்னு வெளிய கொண்டுவந்தேன்" என்றார்.

"நல்லது. வீட்டுக்கே கொண்டு போய்டுங்க" என்றார் மேடம்.

அகாஃபியா அத்தை சுருட்டிய கம்பளத்தோடு அப்படியே நின்றாள். அம்மா வாசலுக்கு வந்தாள். மேடத்தைப் பார்த்தாள், இலின்காவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"விருந்தாளி போயாச்சும்மா. வயிறு நிறைய சாப்பிட்டு, சந்தோஷமா போயாச்சு" என்றார் லிதியா மேடம். "நான் ஆபீஸ்லேருந்து வர்றேன். நீங்க தூங்கற அறையைப் பாக்கணும்."

அம்மா அசையவில்லை. அகாஃபியா அத்தைதான் கம்பளத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் தோளைத் தொட்டாள்.

"போ ஃப்ரோசினா. திறந்து காட்டு. நாங்கல்லாம் உனக்கு வேத்து மனுஷங்களா?"

அம்மா பின் அறைக் கதவைத் திறந்தாள். ஒரே கட்டில், மூன்று தலையணை. கூரை இறங்கிவிடாமல் இருக்க ஒரு மரக்கம்பை முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. அம்மா பழக்கத்தில் நாற்காலியை இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்து முன்னால் இழுத்துப் போட்டாள்.

"வேணாம்மா. நான் இப்ப விருந்தாளி இல்ல" என்றார் மேடம். நின்றுகொண்டே எழுதினார். "கூரை எத்தனை நாளா இப்படி?"

அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது பதில் இல்லை, அழுகை.

"முடியல மேடம். அவர் போனதிலேருந்து என்னால முடியல. யார்கிட்டயும் சொல்லவும் முடியல. என் பொண்ணு நல்லாப் படிப்பா. அவள வேன்ல ஏத்தி அனுப்பிட்டா நான் எந்த முகத்தோட இந்த வீட்ல இருப்பேன்?"

கணவரை அடக்கம் செய்தபோதுகூட ஃப்ரோசினா அப்படி அழவில்லை. டோரினா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இலின்கா தயங்கித் தயங்கிக் கதவருகே நின்றாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். அம்மா கையை நீட்டி அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

லிதியா மேடம் எழுதி முடித்துப் பையை மூடினார்.

"ஒவ்வொரு வருஷமும் நான் இப்படி வந்து பாக்கணும். அடுத்த தடவை யார்கிட்டயும் எதுவும் கேக்காதீங்க. சரியா?"

"சரிங்க மேடம்" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா ஒரு வாய் டீயாவது குடிக்காம விடமாட்டேன்."

சில நாள் கழித்து, உதவித்தொகை கிடைத்துவிட்டது என்று ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொன்னார். டோரினா பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். இலின்கா அவள் கூடவே சுற்றிச் சுற்றி வந்து, அடுக்கியதையெல்லாம் கலைத்தாள்.

மாதக் கடைசியில் வேன் வந்தது. ஓட்டுநர் அதை ஃப்ரோசினாவின் வீட்டு முன்னால் நிறுத்தி ஹார்ன் அடித்தார். ஃப்ரோசினா தானே வெளியே வந்தாள்.

"பொண்ணு எங்கேம்மா? இன்னும் கிளம்பலையா?"

"அவ வரல. அரசாங்கம் அவளைப் படிக்க வைக்குது. என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறா!" என்றாள் ஃப்ரோசினா.

நான் அப்போது அடுத்த தெருவில் இருந்தேன். எனக்கே நன்றாகக் கேட்டது.