இருட்டில் ஓடிய காந்தம்

மச்சானின் மீன் தொட்டியை நான்கு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து எங்கள் மாடி வீட்டுக் கூடத்தில் இறக்கிய அன்று, எனக்கு முதுகுவலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. உப்புத் தண்ணீர், கொஞ்சம் பவளம், அதற்குள் ஒளிந்து விளையாடும் சில மீன்கள். பார்த்துக்கொள்வது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னை வாய் நிறைய 'மாப்ள' என்றுதான் கூப்பிடுவார். கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பாசியையும் சிப்பியையும் கடலுக்குள் மூழ்கிச் சுரண்டி எடுப்பது அவர் தொழில். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மறுமுனை மேலே படகில் நிற்பவன் கையில் இருக்கும். ஒரு நாள் கயிறு மட்டும் மேலே வந்தது. உடல் கிடைக்கவே இல்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளாத மனிதர் என்பதால், அவர் விட்டுப்போனதில் உயிருள்ளது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

அதில் ஒரு பச்சைப் பவளம். நகத்தளவு துண்டாக வாங்கி, உள்ளங்கை அகலத்துக்கு அவர் வளர்த்தது. மேலெல்லாம் பூப்போல் விரிந்து மூடும் சின்னச் சின்ன வாய்கள். அண்ணன் போனதிலிருந்து என் மனைவி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள், பேச்சைக் குறைத்துவிட்டாள். சாயங்காலமானால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பவளத்தின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏங்க, இது மட்டும் போயிடக் கூடாதுங்க" என்றாள் ஒரு நாள்.

பவளம் போனால் இவளும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று எனக்குப் பட்டது. பயமாக இருந்தது.

அப்புறம்தான் பாசி வந்தது. முதலில் பாறைமேல் பழுப்பாக, தூசி மாதிரி. பிறகு பச்சையாக, நீளமாக, மின்விசிறிக் காற்றில் கூந்தல் பறப்பதுபோல் அலைந்தது. கடைக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் முடிப்பாசி. காலையில் பிடுங்கினால் மாலையில் இருந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் பாறை பாறையாகத் தேய்த்தேன். கையில் ஏறிய நாற்றம் எந்த சோப்புக்கும் போகவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மீன்கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"தீனி அதிகமாயிருக்கும் சார். குறைங்க."

குறைத்தேன். மீன்கள்தான் இளைத்தன. தண்ணீரை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பாசி மேயும் நத்தைகளைக் கொடுத்தார். நத்தைகளின் முதுகிலேயே பாசி முளைத்தது. பாசி தின்னும் மீன் என்று ஒன்றை என் தலையில் கட்டினார். அது பாசியைத் தவிர எல்லாவற்றையும் தின்றது. பவளத்தின் பாதி வாய்கள் பச்சை முடிக்குள் மூடிக்கொண்டன. இவள் இரவில் ஒரு வாய் சோற்றோடு எழுந்துகொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தொட்டியைத் தெருவில் போட்டு உடைத்திருப்பேன்.

இதற்கு நடுவில் இன்னொரு குழப்பம். கண்ணாடியில் படியும் பாசியைத் துடைக்க ஒரு காந்தம் உண்டு. இரண்டு பாதி. ஒன்று தண்ணீருக்குள், ஒன்று வெளியே, நடுவில் கண்ணாடி. வெளியே இருப்பதை நகர்த்தினால் உள்ளே இருப்பதும் கூடவே நகர்ந்து பாசியைச் சுரண்டும். நான் வீடு திரும்பும்போதெல்லாம் கண்ணாடி முழுக்கப் பச்சையாக இருக்கும். அவள் உட்காரும் இடத்துக்கு நேராக மட்டும் ஒரு முகம் அளவுக்குப் பளிச்சென்று துடைத்திருக்கும்.

"துடைக்கிறதுதான் துடைக்கிற, முழுசாத் துடைச்சா என்ன?" என்று ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

"நான் எங்க துடைச்சேன்? நீங்கதானே துடைக்கிறீங்க?"

இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தோம்.

கடைசி வைத்தியமாகக் கடைக்காரர் சொன்னது இருட்டு. தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, சில நாள் துளி வெளிச்சம் விடாமல் வைக்க வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி செத்துப்போகும், பவளம் தாங்கிக்கொள்ளும்.

துணியை விரித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. கப்பலுக்கு அடியில ஒரே கும்மிருட்டா இருக்கும்னு அண்ணன் சொல்லுவாரு. அந்த இருட்டுலதான் அவர் போனாரு."

"இது தொட்டிடீ! பவளம் பிழைக்கணுமா வேணாமா?"

கத்திவிட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் மூடினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவன், ஒரு சத்தத்தில் விழித்தேன்.

சர்ர்ர்.

நின்றது.

சர்ர்ர்.

கண்ணாடியைச் சுரண்டும் சத்தம். துணியை விலக்கிவிட்டாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

கூடத்தில் யாரும் இல்லை. சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

கறுப்புத் துணிக்கு அடியில் ஒரு புடைப்பு இருந்தது. என் கைப்பிடி அளவு.

அது நகர்ந்தது.

இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல், வேலை தெரிந்த கை நகர்த்துவதுபோல். கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி வலமிருந்து இடமாக.

துணியை இழுத்தேன். வெளிக் காந்தம் கண்ணாடிமேல் தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே அதை யாரும் தொடவில்லை.

அப்படியென்றால் உள்ளே இருப்பதைத்தான் யாரோ நகர்த்துகிறார்கள்.

எட்டிப் பிடித்து நிறுத்தினேன். நின்றது. பிறகு என் உள்ளங்கைக்குள் அது இழுக்க ஆரம்பித்தது. வெடுக், வெடுக், வெடுக் என்று, விடாமல்.

ஈரக் கையோடு அவள் பக்கத்தில் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. என் கைமேல் தன் கையை வைத்தாள்.

"கயிறு இழுக்கிற மாதிரி இருக்குங்க" என்று கிசுகிசுத்தாள். "இப்படி விடாம இழுத்தா மேல தூக்குன்னு அர்த்தம். அன்னைக்கும் இழுத்திருப்பாரு. மேல இருந்தவன் கவனிக்கல."

"கையை எடு. போயிடலாம் வா."

"ஒரு தடவைங்க. ஒரே ஒரு தடவை."

என் விரல்களை விலக்கினாள். காந்தத்தைக் கண்ணாடியோடு மெல்ல மேலே தள்ளினாள். ஒரு குழந்தைகூடத் தள்ளும் காந்தம் அது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. தொட்டி முனகியது. யாரும் ஊற்றாமலே தண்ணீர் ஏறி, விளிம்பைத் தாண்டி, அவள் கையில், மார்பில், காலடியில் வழிந்தது. அது எங்கள் தொட்டியின் வாடை இல்லை. துருவும் கப்பல் எண்ணெயும் கலந்த வாடை.

காந்தத்தின் உள்பாதி தண்ணீருக்கு மேலே வந்தது. அதில் ஒன்றும் இல்லை.

தொப்பலாக நனைந்து நின்றவள், ரொம்ப நேரம் மூச்சை அடக்கியிருந்த ஆள்போல் ஒரு நீண்ட மூச்சு இழுத்தாள்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோது தொட்டியில் ஒரு இழை பாசி இல்லை. பவளம் எல்லா வாயையும் திறந்துகொண்டு நின்றது.

"நான்தான் சொன்னேனே சார், இருட்டைத் தாக்குப்பிடிக்கிற பாசி இன்னும் பொறக்கலன்னு" என்று கடைக்காரர் போனில் சிரித்தார். யார் வேண்டுமானாலும் பெருமையை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். என் மனைவி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாட்டு முணுமுணுத்தாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்தது.

ஆனால் அவள் தொட்டி முன்னால் உட்காரவே இல்லை. பவளத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். காய்கறிக்கடையில் வாடிய கீரையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள். வார முடிவில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தொட்டியை எடுத்துப்போகக் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டாள்.

அவர் வருவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று காந்தத்தைப் போட்டு வெளிப்பாதியைப் பிடித்தேன்.

அது என் கையை இழுத்தது.

முன்புபோல் முரட்டு இழுப்பு இல்லை. பலமில்லாத, சின்ன இழுப்பு. வளையல் போட்ட கை இழுப்பதுபோல். விடாமல்.

பின்னாலிருந்து என் மனைவி தோளில் கை வைத்தாள். கை கனமாக இருந்தது.

"அதை விட்டுடுங்க, மாப்ள" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை 'ஏங்க' என்றுதான் கூப்பிடுவாள். மாப்ள என்று கூப்பிட என் பெண்டாட்டிக்கு முறையே கிடையாது.

கீழே கடைக்காரரின் வண்டி வந்து நின்றது. என் உள்ளங்கைக்குள் அவள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள்.