கிழக்கே பார்த்த விமானம்

வாருங்கள், தோழர்களே! சங்குமேடு ஓடுதளத்தின் மேற்கு முனையில் நடக்கும் வெட்கக்கேட்டைக் கண்ணாரக் காணுங்கள்! எந்திரம் பழுதான படகில், நடுக்கடலில், குடிநீரின்றித் தத்தளிக்கிறான் அந்தோணி. இங்கோ, விமானக் கழகத் தலைவர் பூபதி, அவனைத் தேடிப் பறக்க வேண்டிய விமானத்தின் மூக்கில் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார்!

"கிழக்கே பாத்துத்தான் கிளம்பணும். சோசியர் சொல்லிட்டாரு."

"ஐயா, மேக்கிருந்து கச்சான் காத்து அடிக்குது! முதுகுல காத்தை வாங்கிட்டு ஓடினா வால் சுத்திரும்," என்றாள் சகாயராணி. உரிமம் பெற்ற விமானி, அந்தோணியின் அக்கா.

"எனக்கே பாடமா? தள்ளி நில்லு!"

காற்றின் திசை காட்டும் துணிப்பையை வாஸ்துக் குற்றமென்று பிடுங்கியெறிந்த பேரறிவாளர் அல்லவா! ஏறியமர்ந்தார், விசையை ஒரேயடியாகத் தள்ளினார். காற்று வாலைப் பிடித்து நெட்டியது. வாற்சக்கர விமானம் பம்பரமாய்ச் சுழன்று புழுதியில் நின்றது. தலைவர் உருண்டு இறங்கினார். சந்தனம் மட்டும் கலையவே இல்லை!

மெக்கானிக் நாகூரான் சக்கரத்தையும் இறக்கையையும் தடவிப் பார்த்தான். "ஒண்ணும் ஆகலக்கா! ஏறுங்க, தண்ணி கேனோட நானும் வாரேன்!"

கிழக்கு முனைக்கு வளைந்து வளைந்து உருட்டிச் சென்றாள். பின்காற்று வாலைத் தூக்கிவிடாதபடி கட்டுப்பாட்டுப் பிடியை முன்னே அழுத்தியிருந்தாள்.

"நேரா ஓட்டத் தெரியல, இவ பறக்கப் போறாளாம்!" என்று இளித்தார் பூபதி.

"மூக்கு மறைக்குதுய்யா! வளைஞ்சாத்தான் வழி தெரியும்!" என்று கத்தினான் நாகூரான்.

முனையில் திரும்பிக் காற்றை எதிர்கொண்டாள். பிடியைப் பின்னிழுத்து வாலைத் தரையில் இருத்தினாள். விசையை மெல்லக் கூட்டினாள். மூக்கு இடப்புறம் இழுத்தது. வலக்கால் மிதித்துத் திருத்தினாள். வேகம் கூடியதும் பிடியைச் சற்றே தளர்த்தினாள்; வால் எழுந்தது, எதிரே பாதை விரிந்தது! சக்கரங்கள் மண்ணை உதறின!

"அதோ படகு! சட்டையை ஆட்டுறான்க்கா!"

தாழப் பறந்தார்கள், படகருகே கேன்களை வீசினார்கள். மீட்புப் படகுகள் வரும்வரை மேலேயே வட்டமிட்டார்கள்.

மாலையில் கரையேறிய அந்தோணியிடம் பூபதி கூசாமல் சொன்னார்: "நான் பூசுன சந்தனம்தான்டா உன்னைக் காப்பாத்துச்சு!"

"அப்ப அடுத்த தடவை நீங்க சந்தனத்துல ஏறி வாங்கய்யா. அக்கா விமானத்துல வரட்டும்!"

கரையே சிரித்தது. சிரித்துவிட்டுக் கலையவா போகிறீர்கள், தோழர்களே? காற்று எவர் ஜாதகத்தையும் கேட்டு வீசுவதில்லை. ஓடுதளத்தில் கம்பம் இன்னும் மொட்டையாய் நிற்கிறது. துணிப்பையை எடுத்து வாருங்கள், இன்றே ஏற்றுங்கள்! தடுக்க வரும் தலைவரை நாற்காலியிலிருந்து இறக்குங்கள்!