கர்ச்சீப் போட்ட இடம்

வேலை கிடைத்த நாளிலிருந்து ஷ்யாம்சுந்தருக்கு தன் ஊரான முடிச்சூரில் யாருமே மனுஷனாகத் தெரியவில்லை. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கினால் சிலருக்கு முதுகெலும்பு ஒரு முழம் நீளும். அந்த ரகம். ஆனால் சேர்ந்த வாரமே பனிமூட்டத்தில் ரயில் ஊர்ந்து, கிண்டி ஆபீசுக்குத் தாமதம். மேனேஜர் தீபா குரலை உயர்த்தவே இல்லை.

“இன்னொரு தடவை லேட்டானா வர வேண்டாம் ஷ்யாம். வீட்லயே இருங்க. குளிர்ல எதுக்கு அலையணும்?”

அதனால் அந்த மார்கழிக் காலையில் சீக்கிரமே தாம்பரம் வந்துவிட்டான். பிளாட்பாரத்தில் குல்லாவும் மப்ளருமாக நடுங்கியவர்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். இந்தப் பனிக்கே இப்படியா? இவர்களை ஊட்டிக்கு அனுப்பினால் பாதி வழியில் காரியம் பண்ண வேண்டியதுதான்.

வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்புகள் பறந்தன. துணி விழுந்த இடம் துணிக்காரனுக்கு. கோர்ட்டுத் தீர்ப்பை மதிக்காதவனும் தாம்பரத்தில் கர்ச்சீப்பை மதிப்பான்.

உள்ளே மூச்சுவிட இடமில்லை. ஒரே ஒரு ஜன்னலோர இடம் மட்டும் காலி. அதன்மேல் நீலக்கட்டம் போட்ட கர்ச்சீப். வண்டி கிளம்பியும் உடையவன் வரவில்லை.

ஷ்யாம்சுந்தர் அதை இரண்டு விரலால் தூக்கினான். சொட்டச் சொட்ட ஈரம். அந்த வண்டியில் தினமும் போகும் வெல்டர் சுந்தர்சிங், எதிர் சீட்டிலிருந்து அவன் கையைப் பிடித்தார்.

“வேணாம் தம்பி. அங்க ஆள் கீது.”

“எங்க சார்? டீ குடிக்கப் போயிருக்காரா?”

“பனிக்காலத்துலதான் வருவாரு. நாங்க பாத்ததில்ல. பாக்கவும் வேணாம்.”

“ஆளே இல்லாத துணிக்கு இத்தனை பேர் காவலா? உங்களை மாதிரி ஏமாளிங்க இருக்கறதாலதான் ஊர்ல அழுகல் தக்காளியும் விலை போகுது.”

கர்ச்சீப்பை வெளியே வீசிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். பேரமே பேசாமல் கிடைக்கிற சரக்கைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் பேச்சு அடங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து, நெரிசலிலேயே போய் நின்றுகொண்டார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பனி புகையாய் நுழைந்தது. காயாத துணியின் நாற்றம். அதற்கும் அடியில், வாடிப்போன சாமந்தி மாலையின் நெடி.

காதருகே ஒரு மூச்சு.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ நைனா.”

நகர்ந்தான். ஐஸ் கட்டி போல ஒரு தொடை அவன் தொடையை ஒட்டி அமர்ந்தது.

“இன்னும் கொஞ்சம்.”

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

“எடம் பத்தலியே. சரி வுடு, மடியிலயே குந்திக்கிறேன்.”

பாரம் இறங்கியது.

பல்லாவரம் போனது. பரங்கிமலை போனது. கிண்டி வந்ததும் எழப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே கால் இருப்பதே தெரியவில்லை. சுந்தர்சிங் இறங்கக் கிளம்பினார்.

“சார், கை குடுங்க… சார்…”

சுந்தர்சிங் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்தார்.

“யாருக்குப்பா குடுக்கணும்? உனக்கா, அவருக்கா?”

இறங்கிப் போய்விட்டார். வண்டி நகர்ந்தது. கிண்டி பனிக்குள் கரைந்தது.

“என் ஸ்டேஷன் வந்தா நானே எய்ந்துக்கறேன்.”

“எது… உங்க ஸ்டேஷன்?”

மடியில் பாரம் இன்னும் அழுந்தியது.

பையில் போன் அடித்தது. தீபா. மரத்த விரல்களால் எடுத்துக் காதில் வைத்தான்.

“ஷ்யாம், எங்க இருக்கீங்க?”

வாசலில் நிற்பதாகப் புளுகத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தது ஒரு கிழட்டுக் கரகரப்பு.

“வந்துகினே கீறேம்மா.”



“நீங்க யாரு? போனை ஷ்யாம்கிட்ட குடுங்க.”

நான்தான் மேடம் என்று கத்தினான். அது தொண்டைக்குள்ளேயே நின்றது. உதடுகள் மட்டும் தாமாக அசைந்தன.

“அவனா? அவன் கிண்டியிலயே எறங்கிட்டாம்மா.”