பயம் போக ஒரு வெடி

காஞ்சிரவிளை சாஸ்தாவுக்குச் சத்தம் என்றால் கொள்ளைப் பிரியம். பாயசம் வைத்தாலும் சரி, தேங்காய் உடைத்தாலும் சரி, கடைசியில் 'டமார்' என்று ஒரு வெடி போட்டால்தான் அவருக்குத் திருப்தி. ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அதற்கு ஒரு கதையும் உண்டு.

ரொம்பக் காலத்துக்கு முன்னால், பகைவர்களுக்குப் பயந்து ஓடிவந்த ராஜா ஒருவர் கோயிலுக்குப் பின்னால் இருந்த காட்டில் ஒளிந்தாராம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எந்தக் கோயிலில் கேட்டாலும், "ராஜா எங்கள் கோயிலில்தான் ஒளிந்தார்" என்பார்கள். அந்த ராஜாவுக்கு ஒளிவதைத் தவிர வேறு வேலையே இல்லை போலிருக்கிறது! அது கிடக்கட்டும். வாளும் வேலுமாகப் பகைவர்கள் நெருங்கிவிட்டார்கள். அப்போது குன்றுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு வேடன் பெரிய வெடி ஒன்றைப் போட்டான். படை வந்துவிட்டது என்று நினைத்துப் பகைவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

ராஜா அந்த வேடனைத் தேடினார். ஆளைக் காணோம். கோயிலுக்குள் போய்ப் பார்த்தால், சாஸ்தாவின் கல் விரல்களில் வெடிமருந்து ஒட்டியிருந்ததாம்.

"பயந்தவர்கள் யாராக இருந்தாலும் இங்கே வந்து ஒரு வெடி வழிபாடு செய்யட்டும். பயம் ஓடிப்போகும்" என்றார் ராஜா. அன்றிலிருந்து அதுதான் வழக்கம்.

கோமளவல்லிக்குப் பத்து வயது. அவளுக்கு அந்த ஆடி மாதக் கடைசியில் பயம் வந்தது. சாதாரணப் பயம் இல்லை. பெரிய பயம்.

அது 1954-ஆம் வருடம். திருவிதாங்கூரின் தெற்குப் பக்கத்தில் தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து ஆட்கள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தி காஞ்சிரவிளைக்கு வந்த நாளிலிருந்து கோமளத்துக்குச் சோறு இறங்கவில்லை. தென்னை மட்டை விழுந்தால் துள்ளி எழுந்தாள். யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கு அடியில் போனாள். கலகலவென்று பேசுகிற பெண், இப்போது பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலீஸ்காரர்கள் வந்து தங்கியிருந்தார்கள். பள்ளிக்கு விடுமுறை. ஆனால் விளையாட ஒரு குழந்தையும் வெளியே வரவில்லை. 'கூட்டம் கூடக்கூடாது. தெருவில் கூச்சல் போடக்கூடாது' என்று தமுக்கு அடித்துச் சொல்லியிருந்தார்கள். தெருவில் நாய்கூட யோசித்துத்தான் குரைத்தது.

"இப்படியே போனா பிள்ளை உருகிப் போவா" என்று கோமளத்தின் அம்மா உமையம்மாள் கவலைப்பட்டாள். "வா மக்களே, சாஸ்தாவுக்கு ஒரு வெடி போட்டுட்டு வருவோம்" என்று மகளை அழைத்தாள்.

"வெடியா?" கோமளம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வெடிச் சத்தம்னாலே பேடியாக்கும், அம்மா!"

"அந்தப் பேடி போகத்தானே வெடி!" என்றாள் அம்மா. பயத்தை அந்த ஊரில் பேடி என்பார்கள்.

மறுநாள் காலை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். அம்மா உள்ளே கும்பிடப் போனாள். கோமளத்தைக் கோயிலுக்குப் பின்னால், வெடி போடுகிற வேலாயுதனிடம் விட்டுப் போனாள்.

வேலாயுதன் ஒல்லியான மனிதர். கனமான இரும்புக் குழாய்கள் நாலைந்தைத் தரையில் நட்டு வைத்திருப்பார். அவற்றுக்குக் கதினா என்று பெயர். ஒவ்வொன்றிலும் வெடிமருந்தைப் போட்டு, மேலே செங்கல் பொடியை இட்டு இடித்து நிறைப்பார். பிறகு நீண்ட கம்பின் நுனியில் நெருப்பைக் கட்டித் தூர நின்று கொளுத்துவார். கொளுத்துவதற்கு முன்னால் வழிபாடு செய்கிறவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஊரே கேட்கிற மாதிரி கூவிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய பயத்தைப் போக்குவது என்று சாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

"நட்சத்திரம் என்னது மக்கா?"

"பூரம், வேலாயுதண்ணா."

வேலாயுதன் கூவுவதற்கு வாயைத் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார். பள்ளிக்கூடம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"கூச்சல் போடப்பிடாதுன்னு போலீசு சொல்லியிருக்கு, இல்லியா? சட்டத்த மீறப்பிடாது."

அவர் குனிந்து கதினாவின் பக்கத்தில் வாயை வைத்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னார்: "கோமளவல்லி, பூரம் நட்சத்திரம், வெடி வழிபாடு ஒண்ணு."

சட்டத்தை மதித்த திருப்தியோடு எட்டிப் போய் நின்றார். கம்பை நீட்டினார்.

டமார்!

பெயர் கூவாமல் வெடித்த வெடியை அந்த ஊர் அதுவரை கேட்டதே இல்லை. அதனால் அதை யாரும் கோயில் வெடி என்று நினைக்கவில்லை.

"ஐயோ, போலீசுக்காரன் சுடுதான்!" என்று எங்கோ ஒரு குரல் அலறியது. படபடவென்று கதவுகள் மூடின. பக்கத்து வீட்டுச் சரசம்மா கொதிக்கிற கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழந்தையை அல்லவா தூக்கியிருக்க வேண்டும் என்று பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடினாள். கோயில் பூசாரி பெரிய கதவை இழுத்து உள்பக்கம் தாழ் போட்டார். உள்ளே மாட்டிக்கொண்ட உமையம்மாள், "என் பிள்ளை வெளியில நிக்கா! கதவைத் திறயும்!" என்று கத்தியதை அவர் காதில் வாங்கவே இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் பூட்ஸ் சத்தம். தடதடவென்று பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

கோமளம் அரளிச் செடிகளுக்குப் பின்னால் விழுந்து பதுங்கினாள். இலைகளுக்கு நடுவில் அவள் பார்த்தாள். துப்பாக்கிகள். நிஜத் துப்பாக்கிகள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட அடியில் அரளி இலையே ஆடுவதுபோல் இருந்தது.

பெரிய மீசை வைத்த இன்ஸ்பெக்டர் வேலாயுதனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "குண்டு வைக்கிறாயா? யார் சொல்லி வைத்தாய்?" என்று மலையாளத்தில் கர்ஜித்தார்.

"ஏமானே, இது குண்டில்லை... வழிபாடு..." வேலாயுதன் கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

"இந்த மருந்தும் இரும்புக் குழாயும் வழிபாடா? கட்டுங்கடா கையை! ஸ்டேஷனில் வைத்துக் கேட்கிற மாதிரி கேட்டால் சொல்வான்."

ஒருவர் வேலாயுதனின் கைகளை அவருடைய துண்டாலேயே கட்டினார்.

ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டதைக் கோமளம் கேட்டிருக்கிறாள். சிலர் நடக்க முடியாமல் வந்தார்கள். சிலர் இன்னும் வரவே இல்லை.

அவளுக்குப் பின்னால் முந்திரித் தோப்பு இருந்தது. தவழ்ந்து போனால் வீட்டுக்கே போய்விடலாம். யாருக்கும் தெரியாது. கால் அந்தப் பக்கம்தான் போகச் சொன்னது.

'அது என் வெடி. வேலாயுதண்ணனை எதுக்குப் பிடிக்காவ?' என்றது மனசு.

அவள் அசைந்ததில் ஒரு சருகு நொறுங்கியது.

"ஆரா அது?"

ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியைச் செடிப் பக்கம் நீட்டினார். மீசைகூடச் சரியாக முளைக்காத இளைஞர். கோமளம் அந்தத் துப்பாக்கி முனையைப் பார்த்தாள். அது மேலும் கீழுமாக ஆடியது. அவர் கை நடுங்கியது. நெற்றியில் வேர்வை வழிந்தது.

கோமளத்துக்கு ஆச்சரியமாகிவிட்டது. 'இவருக்கும் பேடியா! என்னை மாதிரியே!'

பயந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? திடீரென்று எழுந்து நின்றால் அவர் திடுக்கிட்டுச் சுட்டுவிடுவார். எனவே அவள் எழவில்லை. படுத்தபடியே, கன்றுக்குட்டியிடம் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னாள்:

"நானாக்கும், சாரே. கோமளம். சின்னப் பிள்ளை. கையில ஒண்ணும் இல்லை. மெள்ள எழும்பி வாறேன். பயப்படாதேங்க."

முதலில் ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொரு கை. பிறகு அரளிப் பூ ஒட்டிய ஒரு தலை.

போலீஸ்காரர் 'ஹப்பா' என்று மூச்சு விட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"எந்தா குட்டி, இங்கே என்ன வேலை?" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

வேலாயுதனின் கட்டிய கைகளைப் பார்த்ததும் கோமளத்துக்கு வார்த்தை வந்துவிட்டது. "அது என் வெடி, சாரே. எனக்கு ராவும் பகலும் பேடி. பேடி போகச் சாஸ்தாவுக்கு அம்மா நேர்ந்தா. இந்த அண்ணன் போட்டாவ. அவியள விட்டிருங்க."

"பெயர் கூவி வெடி போடுவதுதானே கோயில் வழக்கம்? எனக்குத் தெரியாதா? இவன் கூவவில்லையே!"

"நீங்கதானே கூச்சல் போடப்பிடாதுன்னு சொன்னிய! அதனால அண்ணன் காதோட சொன்னாவ."

"யார் காதோடு?"

"கதினாவுக்க காதோட."

இன்ஸ்பெக்டர் வேலாயுதனைப் பார்த்தார். வேலாயுதன் ஆமாம் என்று தலையை வேகமாக ஆட்டினார்.

"கத்தக்கூடாது என்று கத்தாமல் இருந்தாய். ஆனால் வெடியை மட்டும் போட்டாய்?"

"வெடி போடப்பிடாதுன்னு தமுக்கில சொல்லல்லியே, ஏமானே!"

பின்னால் நின்ற போலீஸ்காரர் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். இன்ஸ்பெக்டரின் முகம் மட்டும் இறுகியே இருந்தது. "குழந்தைகள் யார் சொல்லிக் கொடுத்தாலும் சொல்லும். இதற்குள் ஆணியும் கல்லும் இல்லை என்று எப்படி நம்புவது?"

கோமளம் யோசித்தாள். பிறகு அந்த இளம் போலீஸ்காரரிடம் திரும்பினாள்.

"சாரே, உங்களுக்கும் பேடி உண்டு, இல்லியா?"

அவர் முகம் சிவந்தது. இன்ஸ்பெக்டரை ஒருமுறை பார்த்தார். பிறகு, "உண்டு" என்றார் மெதுவாக. "வீட்டை விட்டு வந்த நாள் முதல் உறக்கமே இல்லை."

"அப்போ உங்க பேருலயும் ஒண்ணு போடுவோம். பயந்தவிய ஆருன்னாலும் போடலாம்னு ராஜாவே சொல்லியிருக்காவ. எல்லாரும் கூடவே நின்னு பாருங்க, ஆணி இருக்கா, கல்லு இருக்கான்னு."

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். அவர் மீசையை இழுத்துவிட்டார். வேலாயுதனின் கட்டை அவிழ்க்கச் சொன்னார். மருந்து அள்ளிப் போடுவதையும், செங்கல் பொடியை இடிப்பதையும் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ம். கூவு" என்றார்.

வேலாயுதன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பயத்தில் அவருடைய தொண்டை வற்றிப் போயிருந்தது.

"பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க, சாரே" என்றாள் கோமளம்.

"சோமன். அத்தம் நட்சத்திரம்."

கோமளம் அதுவரை யாருக்காகவும் கூவியதில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கூவினாள்.

"சோமன்! அத்தம் நட்சத்திரம்! வெடி வழிபாடு ஒண்ணேய்!"

இத்தனை நாளாகக் காணாமல் போயிருந்த குரல் அது. கோயில் மதிலைத் தாண்டி, முந்திரித் தோப்பைத் தாண்டிப் போனது.

டமார்!

வெள்ளைப் புகை எழுந்தது. செங்கல் பொடி தூவானமாக இன்ஸ்பெக்டரின் தொப்பியில் விழுந்தது. ஆணி இல்லை. கல் இல்லை. ஒரு காக்கை மட்டும் கோபித்துக்கொண்டு பறந்தது.

காதைப் பொத்தியிருந்த சோமன் கையை எடுத்தார். பிறகு குழந்தைபோல் சிரித்துவிட்டார். "போச்சு!" என்றார்.

கூவலைக் கேட்ட பிறகுதான் ஊருக்கு உயிர் வந்தது. "அட, கோயில் வெடி!" என்று ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கோயில் கதவும் திறந்தது. உமையம்மாள் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அழுதாள். துப்பாக்கிகளைப் பார்த்து இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டார். வேலாயுதனிடம் விரலை ஆட்டினார். "இனிமேல் பெயர் சொல்லிக் கூவாமல் ஒரு வெடி போட்டாய், அப்புறம் தெரியும்! மற்றவர்கள் கூவக்கூடாது. நீ கூவியே ஆக வேண்டும். போ!"

"கூவிடுறேன், ஏமானே!" இப்போதுதான் வேலாயுதனுக்குக் குரல் வந்தது. அந்தக் குரலும் முழுதாக வரவில்லை.

போலீஸ்காரர்கள் வரிசையாகப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டரும் போனார். மதில் வரை போனவர் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"குட்டி" என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரலை நன்றாகத் தணித்துத் தன் பெயரைச் சொன்னார். "திருவாதிரை நட்சத்திரம்."

வேலாயுதன் அடுத்த கதினாவில் மருந்து போட ஆரம்பித்தார்.

கோமளம் அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு, பாறசாலை வரைக்கும் கேட்கட்டும் என்று கூவினாள்.