மூன்றாவது எதிரொலி

மெற்றில்டா இரண்டு முறைதான் வாசித்தாள். மூன்றாவது முறையும் கேட்டது.

1988 மாசி மாதம், வெள்ளைக்கார நாட்டில் கோலியர்ஸ் வுட் என்ற இடம். பின்னேரம் ஐந்தரை மணிக்கே கோயிலின் நிறக்கண்ணாடிகள் கறுத்துவிட்டன. ஈரக் கல்லின் வாசமும், அணைந்த மெழுகுதிரிகளின் வாசமும், எரிந்துகொண்டிருந்த ஹீட்டரின் எண்ணெய் மணமும் குழாய் ஓர்கன் இருந்த மாடம்வரை ஏறி வந்து அவள் தொண்டையில் தங்கின. ஒரு ஜெர்மன் இசையமைப்பாளர், தான் சாவதற்கு முந்திய வருடத்தில், உலகத்தைவிட்டுப் பிரியும் பழைய ஞானப்பாட்டு ஒன்றை ஓர்கனுக்காக விரித்து எழுதிய இசை அது. ஒவ்வோர் அடியின் முடிவும் இரண்டு முறை திரும்பி வரும்: முதலில் மெல்லிய சத்தத்தில், பிறகு இன்னும் மெல்லிய சத்தத்தில், யாரோ நடந்து தூரமாய்ப் போவதைப்போல.

தாளில் இல்லாத அந்த மூன்றாவது, தூரமாய்ப் போகவில்லை. கிட்ட வந்தது.

கீழே சனம் இருக்கும் நீள வாங்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த கோயில் காவலாளி ஞானரட்ணம் நிமிர்ந்து பார்த்தார்.

"தங்கச்சி, வேற ஏதும் வாசியுமன். முந்தி இங்கை ஓர்கன் வாசிச்ச வெள்ளைக்கார மனுசன் இதை வாசிக்கேக்கைதான் அந்த இடத்திலையே செத்தவர். முடிக்கேல்லை."

"ஞாயிற்றுக்கிழமை என்ரை தம்பிக்குப் பூசை, அண்ணை. ஷெல்லடிக்குள்ளை அவனுக்கு ஒரு சாவு மணிகூட அடிக்க ஏலாமல் போச்சு. நான் இதை முடிப்பன்."

"அப்ப நான் வெளியிலை நிக்கிறன்."

கதவு சாத்தப்பட்டது. அவள் அடுத்த அடியை வாசித்தாள். எதிரொலி ஒன்று. இரண்டு. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூன்று. அவள் வாசித்த வரிசைக்கு மேலே இருந்த கட்டை வரிசையில் நான்கு கட்டைகள் தாமாகவே அமிழ்ந்து எழும்பின.

காற்று மோட்டாரை நிறுத்தினாள். குழாய்கள் நீளமாய் மூச்சுவிட்டு அடங்கின. பிறகு, காற்றே இல்லாத குழாய்களுக்குள்ளிருந்து, அதே நாலு சுரம்.

எழும்பி ஓடச் சொல்லிக் கால் துடித்தது. ஊரைவிட்டு ஓடினாள். கொழும்பைவிட்டு ஓடினாள். இனி ஓடுவதாயில்லை.

"நீர் ஆராயிருந்தாலும் இரும்," என்றாள் இருட்டைப் பார்த்து. "நான் எழும்பமாட்டன்."

மோட்டாரைப் போட்டாள். முழுச் சத்தத்தையும் திறந்தாள். வாசித்தாள். அது பதில் சொன்னது. அவள் இன்னும் உரத்து வாசித்தாள். கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் இருந்த வாங்கு, பக்கத்தில் யாரோ வந்து இருந்ததைப்போல அமிழ்ந்தது. அவள் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கடைசி அடி. கடைசிச் சுரக்கூட்டு.

முடித்துவிட்டாள்.

கைகளை எடுத்தாள். சத்தம் நிற்கவில்லை. அமிழ்ந்த கட்டைகள் ஒன்றும் எழும்பவில்லை.

"இந்த முடிவு என்ரை தம்பிக்குரியது," என்று சொல்லி, விரல்களை மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.

கட்டைகள் தட்டுப்படவில்லை. குளிர்ந்த நகங்கள் தட்டுப்பட்டன. பத்து.

மெற்றில்டா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். கீழேயிருந்து அந்த நகங்களுக்குரிய விரல்கள் நிமிர்ந்து, அவள் விரல்களுக்கிடையில் ஒவ்வொன்றாக வந்து கோத்துக்கொண்டன.